வெயிலுக்கும் ஈரத்துக்கும் நடுவே பழைய விண்வெளிப் பொம்மைகள்

1950-க்கும் 1980-களின் முற்பகுதிக்கும் இடையே வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் விண்வெளி வீரர்கள், ராக்கெட்டுகள், நிலாத் தளங்கள் ஆகியவற்றைச் சேகரித்து வருகிறேன் என்று சேலத்தில் யாரிடமாவது சொன்னால், "கொலுவுக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் உள்ள நல்ல பொருள்களில் கணிசமானவை கொலுப் பெட்டிகளிலிருந்து வந்தவைதாம். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதப்பட்டுள்ளவை பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சித்திரையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் சேலத்திலும், மழைக்காலத்தில் மேகம் சன்னல் வழியே அறைக்குள் வந்துவிடும் ஏற்காட்டிலும் அந்த அறிவுரைகளில் பாதி செல்லுபடியாவதில்லை. ஆகவே, இங்கே பொருள் எங்கிருந்து கிடைக்கிறது, கிடைத்ததை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பது என்பவற்றைப் பற்றி அனுபவத்தில் தெரிந்தவற்றை எழுதுகிறேன். எந்த நிறுவனம், எந்த ஆண்டு, என்ன விலை என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னால், கையில் இருப்பது என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

துறைக்குப் புதியவர்களுக்காகச் சிறிது வரலாறு. 'பிளேசெட்' என்று சேகரிப்பவர்கள் சொல்வது, ஒரே அட்டைப் பெட்டிக்குள் ஒரு முழுக் காட்சியையும் அடக்கித் தரும் தொகுப்பு. வண்ணம் அச்சிட்ட தகரத் தகடுகளை மடித்துச் செருகினால் கட்டடம் எழும். அதைச் சுற்றி வைக்க மென்பிளாஸ்டிக் மனிதர்கள், ஏவுதளம், வேலி, வண்டிகள் எல்லாம் இருக்கும். இந்த வடிவத்தைப் பெரிய அளவில் பரப்பியது, லூயி மார்க்ஸ் 1919-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம். கேப் கனாவெரல் ஏவுதளம், நிலாத் தளம் என்று அது வெளியிட்ட விண்வெளித் தொகுப்புகள்தாம் இன்று அதிகம் தேடப்படுபவை. 1972-இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்ட மார்க்ஸ், பிறகு மீண்டும் கைமாறி, 1980-ஆம் ஆண்டையொட்டி மூடப்பட்டது. கழற்றக்கூடிய கண்ணாடி போன்ற தலைக்கவசம் அணிந்த வீரர்களை 1950-களில் வார்த்த ஆர்ச்சர், விண்கலங்களுக்குப் பேர்போன பைரோ, பைகளில் அடைத்து மலிவாக விற்ற எம்.பி.சி., 1978-இல் 'கேலக்ஸி லேசர் டீம்' வீரர்களை வெளியிட்ட டிம்-மீ ஆகியவையும் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

இவை நேரடியாக இந்தியக் கடைகளுக்கு வந்தவை அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், மலேயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த உறவினரின் பெட்டியில் வந்தவை சில. 1969-க்குப் பிறகு சென்னைப் பர்மா பஜாரில் வாங்கப்பட்டவை சில. இவற்றிலும் மிகப் பெரும்பாலானவை அமெரிக்க மூலத்தைப் பார்த்து ஹாங்காங்கில் வார்க்கப்பட்ட நகல்கள். நகல்தானே என்று அவற்றை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்க் குழந்தைகளின் கையில் உண்மையில் இருந்தது ஹாங்காங் வீரன்தான். சேலத்துச் சேகரிப்பு ஒன்றில் அவனுக்கு முன்வரிசையில் இடமிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கொலுப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். கொலுப்படிக்குப் பக்கத்தில் தரையில் மணல் பரப்பி, கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டு 'பார்க்' அமைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், மிருகக்காட்சிசாலை, ரயில் நிலையம் ஆகியவற்றோடு ராக்கெட் தளம் ஒன்றும் எப்படியாவது இடம்பிடித்துவிடுவதுண்டு. அந்தப் பொம்மைகள் ஆண்டுக்கு ஒன்பது பத்து நாள் மட்டுமே வெளிச்சத்தைப் பார்த்தவை. மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு ட்ரங்குப் பெட்டியில் கிடந்தவை. பிளாஸ்டிக்கின் முதல் எதிரி வெளிச்சம் என்பதால், குழந்தைகள் அன்றாடம் விளையாடிய பொம்மைகள் வெளுத்து நொறுங்கிப்போன பிறகும் கொலு பார்க்கின் பொம்மைகள் நிறம் மாறாமல் நிற்கின்றன. அழகாபுரத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் பழைய வீடுகளைக் காலி செய்பவர்களிடம் "பழைய பொம்மை இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், "பார்க்குக்கு வைக்கும் சாமான் எல்லாம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பரணிலிருந்து பெட்டி இறங்கும்.

ஏற்காட்டில் கதை வேறு. காப்பித் தோட்டக் குடும்பங்களும் விடுதிப் பள்ளிகளும் இருந்த ஊர் என்பதால், வெளிநாட்டுத் தொடர்புள்ள வீடுகள் அங்கே அதிகம். தோட்டத்து பங்களா ஒன்றில் வயதான அம்மா ஒருவர் பிஸ்கட் டப்பா ஒன்றை மேசைமீது கவிழ்த்துக் காட்டினார். வெள்ளியும் பச்சையும் கலந்த மின்னல் நிறத்தில், ஆள்காட்டி விரலைவிடச் சற்று உயரமான வீரர்கள் சிலர் உருண்டு வந்தார்கள். ஆர்ச்சர் வகை, எவருக்கும் தலைக்கவசம் இல்லை.

"எங்க தம்பிக்குப் பெரியப்பா மலேயாவுல இருந்து கொண்டுவந்தது சார். கண்ணாடித் தொப்பி இருக்கும், கழட்டிக் கழட்டி மாட்டுவான். அதெல்லாம் எங்கே போச்சோ!" என்றார்.

"பொத்தான் டப்பா ஏதாவது வைத்திருக்கிறீர்களாம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய், தையல் பொத்தான்கள் நிறைந்த ஒரு ஹார்லிக்ஸ் புட்டியை எடுத்து வந்தார். தட்டில் கொட்டிக் கிளறியபோது, சட்டைப் பொத்தான்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவே, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய, லேசாக மஞ்சளித்த அரைக்கோளம் ஒன்று கிடைத்தது. அதன் விளிம்பில் வீரனின் கழுத்துப் பட்டையில் மாட்டும் சிறு பள்ளம் அப்படியே இருந்தது. இவ்வகைத் தொகுப்புகளில் முதலில் தொலைபவை தலைக்கவசம், துப்பாக்கி, ஆன்டெனா, ஏவுகணையின் முனை போன்ற சிறு உறுப்புகள். வீட்டைக் கூட்டும்போது அகப்படும் எந்தச் சிறு பொருளையும் நம் வீடுகளில் எறிவதில்லை. பொத்தான் டப்பா, தாயக்கட்டையும் சோழியும் போட்டு வைக்கும் பை, தையல் இயந்திரத்தின் இழுப்பறை ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அது போய்ச் சேரும். பொம்மையை வாங்கும்போதே இந்த மூன்றையும் பார்க்க அனுமதி கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்கலாம் என்று விட்டால் வீடு கைமாறியிருக்கும்.

பழைய இரும்புக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் அங்கே பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைவைக்கு அனுப்பிவிடுவதால், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் பயனில்லை. பொம்மைக்கு எடை விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்தால், அவர் வேறு மூட்டையில் போட்டு வைப்பார். மேலும், அரைவைக்காகத் தரம் பிரிப்பவர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். தட்டிப் பார்த்தே அவர்கள் பிளாஸ்டிக்கை இனம் பிரிப்பார்கள். பாலிஸ்டைரீன் துண்டைத் தரையில் போட்டால் கணீரென்று உலோகத்தின் சாயலில் ஒலிக்கும். பாலிஎத்திலீன் மொத்தென்று விழும்.

இனி அந்த இனங்களைப் பற்றி. நமது காலகட்டத்துப் பொம்மைகளில் நான்கு வகைதான் முக்கியமானவை. தொட்டால் மெழுகுபோல் வழுக்கி, வளைத்தால் வளைவது பாலிஎத்திலீன். பிளேசெட் மனிதர்களில் பெரும்பாலோர் இதுவே. விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருந்து, அழுத்தினால் வளையாமல் உடைவது பாலிஸ்டைரீன். ஆர்ச்சர் வீரர்கள், பைரோ விண்கலங்கள், தெளிந்த தலைக்கவசங்கள் இந்த வகை. ரப்பர்போல் மென்மையாக இருந்து, வயதானால் மேற்பரப்பில் பிசுபிசுப்பு ஏறுவது பி.வி.சி.; சக்கரங்களிலும் சில பெரிய உருவங்களிலும் இது இருக்கும். நான்காவது செல்லுலோஸ் அசிடேட். கண்ணுக்கு ஏறத்தாழ பாலிஸ்டைரீன் போலவே தெரியும். ஆனால் முதுமையில் முறுக்கிக்கொண்டு நெளியும், டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். 1978-இல் வெளிவந்த லெகோ விண்வெளித் தொகுப்புகளைப் போல ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை பிற்காலத்தவை. மஞ்சளிப்பதுதான் அவற்றின் நோய்.

கையால் தொட்டு முடிவு செய்ய முடியாதபோது தண்ணீர் போதும். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். மற்றவை மூழ்கும். உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குக் கரைத்த நீரில் பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் மிதந்துவிடும், பி.வி.சி.யும் அசிடேட்டும் அப்போதும் மூழ்கும். ஒரே துண்டாக வார்க்கப்பட்ட, உள்ளே காற்றில்லாத உருவங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். தாள் ஒட்டியவற்றையும் தகரம் சேர்ந்தவற்றையும் நனைக்கக் கூடாது.

இதைவிடத் துல்லியமான வழி சேலத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் வெள்ளிப் பட்டறைகளில் பத்து மில்லிகிராம் வரை காட்டும் தராசு உண்டு. பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வேலை ஓய்ந்த மாலை வேளைகளில் அதை எனக்கு விட்டுக்கொடுப்பார். பொம்மையை முதலில் அப்படியே நிறுக்க வேண்டும். பிறகு மெல்லிய நூலில் கட்டி, பக்கங்களைத் தொடாதபடி தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். பெயர் தெரியாத ஒரு ராக்கெட்டின் துடுப்பு காற்றில் 8.40 கிராம் இருந்தது, தண்ணீருக்குள் 0.40 கிராம்தான் காட்டியது. குறைந்த எடை 8.00 கிராம். 8.40-ஐ 8.00-ஆல் வகுத்தால் 1.05, பாலிஸ்டைரீனின் அடர்த்தி அதுதான். 1.3-ஐ ஒட்டி வந்திருந்தால் அசிடேட் என்று சந்தேகப்பட்டு, அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்திருப்பேன். "வெள்ளியில செம்பு எவ்வளவுன்னு பார்க்கிற மாதிரிதானுங்க இதுவும்" என்றார் நண்பர். உண்மைதான், கணக்கு ஒன்றேதான். நெருப்பில் காட்டி முகர்ந்து பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அரைவைத் துண்டுக்கு அது சரி, பொம்மைக்கு வேண்டாம்.

அதே பட்டறையின் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வெர்னியர் அளவியும் மூலத்தையும் நகலையும் பிரித்தறிய உதவும். ஒரு பொம்மையை வைத்து அதிலிருந்து அச்சு எடுத்து மீண்டும் வார்க்கும்போது, உருகிய பாலிஎத்திலீன் ஆறிச் சுருங்குவதால் நகல் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு சிறியதாகிவிடும். 54 மி.மீ. உயர வீரனின் நகல் 53 மி.மீ.யை ஒட்டி நிற்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இந்த வேறுபாடு அளவியில் தெளிவாகத் தெரியும். முகத்தின் மூக்கு, கையுறையின் விரல் பிரிவு, முதுகிலுள்ள உயிர்வளிக் குப்பியின் குழாய் ஆகியவை நகலில் மழுங்கியிருக்கும். இரண்டு அச்சுப் பாதிகளும் சேரும் கோட்டில் பிசிறு துருத்தியிருக்கும். காலடித் தட்டின் கீழே 'மேட் இன் ஹாங்காங்' என்றோ 'எம்பயர் மேட்' என்றோ எழுத்து இருந்தால் வேலை எளிது.

மூலமும் நகலும் போக, மறுவார்ப்பு என்று ஒன்று உண்டு. மார்க்ஸ், டிம்-மீ போன்றவற்றின் பழைய அச்சுகள் சில இன்றும் உயிரோடிருக்கின்றன. அவற்றிலேயே புதிதாக வார்த்து விற்கிறார்கள். அதே அச்சு என்பதால் அளவு காட்டிக்கொடுக்காது. நிறமும் மினுமினுப்பும்தான் சான்று. பழைய பாலிஎத்திலீனில் ஒரு மங்கல் படிந்திருக்கும். காலடியில், கைபட்டுத் தேய்ந்த விளிம்புகளில் அது சீராக இருக்காது. புதியது எங்கும் ஒரே மாதிரி பளபளக்கும். மறுவார்ப்பை வாங்குவதில் தவறேதும் இல்லை, விளையாடக் கொடுக்க அதுதான் ஏற்றது; பழையதன் விலைக்கு வாங்காமல் இருந்தால் போதும்.

காலத்தைக் கணிப்பதற்கு விண்வெளி வரலாறு கைகொடுக்கும். 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறப்பதற்கு முந்தைய பொம்மைகள் துடுப்பு வைத்த, மீன் வடிவ ராக்கெட்டுகள், கதிர்த் துப்பாக்கிகள் என்று முழுக் கற்பனையாக இருக்கும். வெள்ளி நிற உடை, அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்க்குரியைக் குறிக்கும். இருவர் அமரும் கூண்டு, அதையடுத்த ஜெமினி. சிலந்திக்கால் இறங்குகலம், மனிதனை நிலவில் இறக்கிய அப்போலோ. இறக்கை வைத்த விண்ணோடம் 1981-ஐ ஒட்டியது. பெட்டியிலோ தகரத்திலோ 'கேப் கென்னடி' என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1963 இறுதிக்கும் 1973-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். ஏனெனில் கேப் கனாவெரலுக்கு அந்தப் பெயர் அந்தப் பத்தாண்டுகள்தான் வழங்கியது. ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு பொம்மை எந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதைத்தான் வடிவம் சொல்லும். ஹாங்காங் பட்டறைகள் 1950-களின் துடுப்பு ராக்கெட்டை மனிதன் நிலவில் இறங்கிய பிறகும் வார்த்துக்கொண்டேயிருந்தன.

காப்பது பற்றி இனிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இழப்பு நடப்பது அங்கேதான்.

சேலத்தில் வெப்பம், ஏற்காட்டில் ஈரம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு பிளாஸ்டிக்கை வெவ்வேறு வழியில் தாக்கும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள பரண் கோடையில் அடுப்படிபோல் கொதிக்கும். அந்தச் சூட்டில் பாலிஸ்டைரீன் உருகாது, ஆனால் பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கப்பட்ட எண்ணெய் போன்ற பொருள் விரைவாக வெளியே கசியும். கசிந்தது பக்கத்திலிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். நிலாவண்டி ஒன்றின் கறுப்புச் சக்கரங்கள் அதன் அடித்தட்டுக்குள் பதிந்து, பிரித்தெடுத்தால் நான்கு வட்டத் தழும்புகள் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எவரும் சூடு வைத்ததால் வந்தவை அல்ல அவை. ஆகவே மென்மையான சக்கரங்களைக் கழற்றி வைக்க வேண்டும், இயலாவிட்டால் அடித்தட்டில் படாதபடி பாலியெஸ்டர் தாளை இடையில் செருக வேண்டும். வீட்டின் உள்சுவரை ஒட்டிய, தரைத்தளத்துக் கீழ்த்தட்டு அலமாரிதான் சேலத்தில் சிறந்த இடம்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே சூடு ஒரு பொருட்டல்ல. அட்டைப் பெட்டியும் தகரக் கட்டடமும்தான் அங்கே அழியும். பூஞ்சை அட்டையைத் தின்னும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும், துரு தகரத்தை மடிப்புகளிலிருந்து தின்னத் தொடங்கும். சிறிய மின்னணு ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்து, 50 விழுக்காட்டையொட்டி நிறுத்தப் பார்ப்பது நல்லது. சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம், சமைக்கும் வாணலியில் மட்டும் வேண்டாம். மலையில் வாங்கிய தகரப் பொருளை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்ததும் உடனே பிரிக்கக் கூடாது. குளிர்ந்த தகரத்தின்மேல் சமவெளியின் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். சுற்றியபடியே ஓர் இரவு விட்டு, மறுநாள் திறக்க வேண்டும்.

பூச்சிக்கு அஞ்சிப் பாச்சை உருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. துணிப் பெட்டிக்கு அது சரி; பாலிஸ்டைரீன் பொம்மைக்கு அது நஞ்சு. உருண்டையிலிருந்து எழும் ஆவி பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை இளக்கி, பளபளப்பைக் கெடுத்து, துணியின் நெசவு வரிகள்கூடப் பதியும்படி செய்துவிடும். கொலுப் பெட்டியிலிருந்து வந்த ஒரு விண்கலத்தின் ஒரு பக்கம் கண்ணாடிபோலவும், உருண்டை கிடந்த மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதைப் பார்த்தால் இதை யாரும் மறக்க மாட்டார்கள். பூச்சிக்கு வசம்போ காய்ந்த வேப்பிலையோ துணிப்பையில் கட்டிப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் பொம்மையைத் தொடாமல்.

எதில் வைப்பது என்பதற்கும் வரைமுறை உண்டு. பாலிப்ரோப்பிலீன் டப்பா நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். பி.வி.சி. உறை, பஞ்சு நுரை, ரப்பர் பேண்டு, அச்சடித்த செய்தித்தாள் ஆகிய நான்கும் கூடாது. சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணி போதும். அசிடேட்டையும் பி.வி.சி.யையும் காற்றுப்புகாமல் அடைக்கக் கூடாது. குறிப்பாக அசிடேட் தான் வெளியிடும் அமிலத்திலேயே மேலும் அழியும், பக்கத்திலிருக்கும் தகரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். வினிகர் வாடை வந்துவிட்ட பொம்மையை மீட்க வழியில்லை. தனியே, காற்றோட்டமாக வைத்து, நல்ல படங்களை எடுத்து வைத்துக்கொள்வதே செய்யக்கூடியது.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, குழந்தைகளின் பல் தூரிகை. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றைப் பாலிஸ்டைரீன் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. வளைந்துபோன பாலிஎத்திலீன் வீரனை நிமிர்த்துவது எளிது: கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் போல் பிடித்திருந்து, வளைந்த பகுதியைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் முக்கினால் நின்றுவிடும். அதற்கு முன் காலடித் தட்டின் ஓரத்தை நகத்தால் மிக மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தால், உள்ளே பிளாஸ்டிக் முறிந்துவிட்டது என்று பொருள். நிமிர்த்த முயன்றால் கணுக்காலில் உடையும். அவன் வளைந்தபடியே நிற்கட்டும்.

மஞ்சளித்த வெள்ளைப் பொம்மைகளை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை பரவலாகிவிட்டது. சேலத்து வெயிலில் அது மிக வேகமாகவே நடக்கும். நான் செய்வதில்லை. மஞ்சள் பல நேரங்களில் திரும்ப வந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கும் மேலும் நொய்ந்துபோகிறது. அறுபது வயதுப் பொருள் அறுபது வயதாகத் தெரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேட்டரி கசிந்த பொம்மைகளில் மட்டும் உடனடியாகக் கைவைக்க வேண்டும். அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் படிவை, வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, நன்றாக உலர்த்தினால் உலோகத் தகடு பிழைக்கும்.

தொகுப்பை முழுமையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தொலைந்த உறுப்பை முப்பரிமாண அச்சில் செய்து பொருத்துவது இன்று எளிது. செய்யலாம்; ஆனால் காட்சிக்கு வைக்கும்போதும் கைமாற்றும்போதும் எது புதியது என்று சொல்லிவிட வேண்டும், உறுப்பின் உள்புறத்தில் ஒரு குறியும் இட வேண்டும். வெவ்வேறு தொகுப்புகளைக் கலந்து ஒன்றை உருவாக்கி முழுத் தொகுப்பு என்று விற்பதை என்னால் ஏற்க முடியாது. கலப்புத் தொகுப்பு என்று சொல்லி விற்றால் வாங்க நானே தயார்.

காட்சிக்கு வைக்க நிலாத்தரை வேண்டுமென்றால், நம் பகுதிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் உதவியோடு அங்கிருந்து பெறப்பட்ட பொருளைக் கொண்டுதான் சந்திரயான் இறங்குகலங்களையும் உலாவிகளையும் சோதிக்கச் செயற்கை நிலா மண்ணை இஸ்ரோ தயாரித்தது. அதே வகைக் கல்லின் சாம்பல் வெண்மைத் தூளை ஒரு தட்டில் பரப்பி, மேலே அப்போலோ வீரர்களை நிறுத்தினால் காட்சி வெகு பொருத்தமாக அமையும். ஆனால் கல்தூள் கூர்மையானது. மென்பிளாஸ்டிக்கின் அடியைக் கீறி, கீறலிலேயே தங்கிவிடும். வீரனின் காலடித் தட்டுக்கு அளவாகத் தெளிந்த பாலியெஸ்டர் தாளை வெட்டி அடியில் வைத்துவிட்டால் தொல்லையில்லை. தூளை அரிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் கேட்டால் பழைய பொம்மைகளைக் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து பி.வி.சி.யில் ஈயமும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. மறுவார்ப்புகளில் சிலவற்றை இதற்காகவே தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாகியிருக்கிறது. 1962-இல் வார்க்கப்பட்ட வீரனின் முதுகில் அந்த முத்திரையை எங்கே தேடுவது? பொருளின் விலை, அஞ்சல் கட்டணம், வரி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், ஏற்காட்டுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் இரண்டு வீடுகளில் குடிக்கும் காப்பியும் எவ்வளவோ மலிவு. மிகவும் வேண்டிய உறுப்பு ஒன்றிரண்டை வெளிநாட்டிலிருந்து வரும் தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பேன். மற்றபடி பெங்களூரிலும் கோவையிலும் உள்ள சேகரிப்பாளர்களோடு பண்டமாற்றுத்தான். மாற்றும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு சீட்டு எழுதி வைக்கிறேன்: எந்தத் தெருவில், என்ன மாதிரியான வீட்டில் கிடைத்தது, எதில் சுற்றி வைத்திருந்தார்கள், என்ன பிளாஸ்டிக், எடை எவ்வளவு, எந்த உறுப்பு புதியது என்பவை அதில் இருக்கும். வீட்டாரின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. வாங்குபவரில் பாதிப் பேர் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை. மீதிப் பேர் பொம்மையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள்.